பாதி அங்கி, பாதி விளைச்சல்

வட இத்தாலியில் போ ஆறு பாயும் சமவெளி. நவம்பர் 11. விடிந்தும் விடியாத நேரத்தில், மூடுபனிக்குள் மாட்டுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. கழற்றிக் கட்டிய கட்டில் சட்டங்கள், மக்காச்சோளத் தோகை திணித்த மெத்தை, ரொட்டி மாவு பிசையும் மரத்தொட்டி, பொலெண்டாக் களி கிண்டுகிற செப்புக் கொப்பரை, கூண்டுக்குள் நாலைந்து கோழிகள். சாமான்களுக்கு மேலே ஒரு பாட்டி, மடியில் கைக்குழந்தை. நடக்கிற வயதுள்ளவர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து வருகிறார்கள். எதிரே வரும் வண்டியிலும் ஏறக்குறைய இதே சாமான்கள்தான். இவர்கள் காலி செய்த வீட்டுக்கு அவர்கள் போகிறார்கள். இவர்கள் போகிற வீட்டை வேறு யாரோ அன்று காலையில் காலி செய்திருப்பார்கள்.

லொம்பார்டி, பியெமாந்தே, எமிலியா, வெனெத்தோ பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்டுதோறும் நடந்தது இது. நிலம் இல்லாத உழவர்களின் ஓராண்டு ஒப்பந்தம் அன்றோடு முடியும். அடுத்த ஆண்டுக்கு வேண்டாம் என்று பண்ணையார் சொல்லிவிட்டால், நிலம் மட்டும் போகாது. வீடும் பண்ணையாருடையதுதான், அதுவும் போய்விடும். அந்தப் பக்கத்துப் பேச்சுவழக்கில் வீடு மாறுவதற்கு இன்றைக்கும் 'சான் மார்ட்டினோ பண்ணுவது' என்றே சொல்கிறார்கள்.

நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு பிச்சைக்காரருக்குத் தன் அங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் அவர். கிறிஸ்தவ உலகில் ஈகைக்கு அடையாளமாக ஒருவரைச் சொல்லச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருகிற பெயர்களில் ஒன்று. அவருடைய திருநாளைத்தான் ஐரோப்பிய நிலவுடைமையாளர்கள் கணக்குத் தீர்க்கவும் குடியானவனை வெளியேற்றவும் வைத்துக்கொண்டார்கள். அவர் பாதியைக் கொடுத்தார். இவர்கள் விளைச்சலில் பாதியை எடுத்தார்கள்.

இந்த முரண்பாடு எப்படி வந்தது, அதே நாள் இன்று ஜெர்மனியில் குழந்தைகள் லாந்தர் ஏந்திப் பாடிக்கொண்டு போகும் திருவிழாவாக எப்படி ஆனது, புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அதில் எங்கே வந்து சேர்கின்றன என்பதைப் பார்ப்போம்.

வீடு தங்காத புனிதர்

மார்ட்டின் பிறந்தது கி.பி. 316 வாக்கில், இன்றைய ஹங்கேரியில் உள்ள சொம்பத்ஹேய் நகரில். 336 என்று கணக்கிடும் அறிஞர்களும் உண்டு. அப்பா ரோமானியப் படை அதிகாரி. அவருக்கு மாற்றலாக, குடும்பம் வட இத்தாலியின் பாவியா நகருக்கு வந்தது. பாவியா இருப்பதும் அதே போ சமவெளியில்தான். பின்னாளில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வண்டிகள் வரிசைகட்டப் போகும் மண்ணில்தான் மார்ட்டின் வளர்ந்திருக்கிறார்.

படை அதிகாரியின் மகன் படையில் சேர வேண்டும் என்பது ரோமானியச் சட்டம். சேர்ந்தார், குதிரைப்படையில். பிரான்ஸின் அமியேன் நகர வாசலில் அங்கியை வெட்டிக் கொடுத்த நிகழ்ச்சி அப்போது நடந்ததாகச் சொல்கிறார்கள். அன்றிரவு கனவில் அந்தப் பாதி அங்கியைப் போர்த்துக்கொண்டு இயேசு தோன்றினார் என்பது மரபு. மார்ட்டின் உயிரோடிருந்தபோதே அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கிய சுல்பீசியுஸ் செவேருஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு மார்ட்டின் திருமுழுக்குப் பெற்றார், படையை விட்டார், 361-ல் லிகுஜே என்ற இடத்தில் ஒரு மடத்தைத் தொடங்கினார்.

371-ல் தூர் நகர மக்கள் அவரை ஆயராக்க விரும்பினார்கள். அவருக்கு விருப்பமில்லை, வாத்துப் பட்டியில் ஒளிந்துகொண்டார், வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டன என்று ஒரு கதை உண்டு. மார்ட்டின் நாளில் வாத்து வறுவல் தின்பதற்குக் காரணமாக இதைத்தான் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கையில்லை. உண்மையான காரணம் சமையற்கட்டில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆயரான பிறகும் அவர் ஆயர் இல்லத்தில் தங்கவில்லை. ஊருக்கு வெளியே லுவார் ஆற்றங்கரைப் பாறைகளுக்கு அடியில் மரத்தாலான ஒரு சிறு குடிலில் இருந்தார். மார்முத்தியே மடம் அங்கேதான் வளர்ந்தது. 397 நவம்பர் 8 அன்று காந்த் என்ற ஊரில் இறந்தார். அவர் உடல் யாருக்கு என்று தூர்க்காரர்களுக்கும், லிகுஜே மடத்துக்கு அருகிலுள்ள புவாத்தியே நகரத்துக்காரர்களுக்கும் தகராறு. எதிர்த்தரப்பு தூங்கிய நேரம் பார்த்து, தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக இறக்கிப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார் ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தூர் கிரெகோரி. அடக்கம் செய்தது நவம்பர் 11. அதுவே திருநாள் ஆனது. பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் ஒன்று, படையில் இருந்த ஊர் ஒன்று, செத்த ஊர் ஒன்று, புதைத்த ஊர் ஒன்று. நாடோடிகளின் நாளுக்கு இவர் பெயர் வந்தது பொருத்தம்தான்.

ஏன் நவம்பர் 11?

ஐரோப்பிய உழவனின் நாட்காட்டியில் அந்த வாரம் ஒரு வாய்க்கால் வரப்பு. கோதுமை அறுத்து அடித்து விற்றாகிவிட்டது. திராட்சை பிழிந்து பீப்பாயில் ஊற்றியாகிவிட்டது, புது ஒயினை ருசி பார்க்கலாம். குளிர்காலக் கோதுமைக்கான விதைப்பு முடிந்திருக்கும். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பியிருக்கும். இனி மார்ச் வரை வயலில் பெரிய வேலை இல்லை. உழவன் கையில் காசு புழங்குகிற ஒரே நேரம் அது. வாங்க வேண்டியவன் அப்போதுதானே வாசலில் வந்து நிற்பான்?

வாத்து வந்த வழியும் இதுதான். அறுவடைக்குப் பின் தாள் வயலில் சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்று வாத்துகள் கொழுத்திருக்கும். காசாகக் கொடுக்க முடியாதவர்கள் வாத்தாகக் கட்டினார்கள். குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாத கால்நடைகளையும் அந்த வாரத்தில்தான் அறுப்பார்கள். ஸ்பெயினில் பன்றிகளுக்கு எமன் வரும் நாள் என்றே இதைச் சொல்வார்கள். போதாக்குறைக்கு, மார்ட்டின் நாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை நோன்பு இருக்கும் வழக்கம் ஆறாம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் இருந்தது. நோன்புக்கு முன் வயிறார ஒரு சாப்பாடு. வறுத்த வாத்து தட்டில் வந்து சேர்ந்தது இத்தனை காரணங்களால்தான்.

பிரான்ஸில் விவசாயக் குத்தகைகள் இன்றும் பல இடங்களில் நவம்பர் 11-ஐ ஒட்டித்தான் தொடங்கி முடிகின்றன. ஸ்காட்லாந்தில் வாடகை கட்டவும் வீடு காலி செய்யவும் சட்டம் அங்கீகரித்த கெடு நாட்களில் ஒன்றாக மார்ட்டின் நாள் இருந்தது. அங்கே திருமணமாகாத ஏர்க்காரர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்வார்கள். ஊர்ச் சந்தையில் வரிசையாக நிற்பார்கள், பண்ணைக்காரர் வந்து ஆளைப் பார்த்துப் பேரம் பேசிக் கையில் ஒரு நாணயம் வைப்பார். அதுதான் அச்சாரம். வாங்கிவிட்டால் அடுத்த ஆறு மாதம் அவருடைய கொட்டடியில்தான் படுக்கை. ஒரு மரப்பெட்டிதான் அந்த ஆளுடைய மொத்தச் சொத்து. கெடு நாள் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கொட்டடிக்குப் போவான். 1990-ல்தான் ஒரு சட்டத்தின் மூலம் இந்தக் கெடு நாட்களைப் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் 28-ஆம் தேதிக்கு மாற்றினார்கள்.

அயர்லாந்தில் இந்த நாள் வேறொரு வழியில் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. மார்ட்டின் நாளுக்கு முந்தைய இரவு சேவலையோ வாத்தையோ அறுத்து, அதன் ரத்தத்தை வாசற்படியிலும் வீட்டின் நான்கு மூலைகளிலும் தெளிப்பார்கள். ஆண்டு முழுக்க வீட்டுக்கு ஆபத்து வராது என்ற நம்பிக்கை. மறுநாள் எந்தச் சக்கரமும் சுழலக் கூடாது. நூல் நூற்கும் ராட்டை, மாவு அரைக்கும் ஆலை எல்லாமே நின்றுவிடும். பாதிரியார்கள் இதையெல்லாம் ரசிக்கவில்லை. மக்கள் அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யவும் இல்லை.

வண்டி ஏறிய காரணங்கள்

இத்தாலியக் கதைக்குத் திரும்புவோம், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

மத்திய, வட இத்தாலியில் 'மெட்சாத்ரியா' என்ற வாரக் குத்தகை முறை பல நூற்றாண்டுகள் நடந்தது. நிலமும் வீடும் உடையவருடையது. உழைப்பு குடியானவக் குடும்பத்துடையது. விளைச்சலில் ஆளுக்குப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்குக் கொழுத்த சேவல், ஈஸ்டருக்கு முட்டை, பண்ணையார் வீட்டில் சம்பளமில்லா வேலை என்று ஒப்பந்தத்தில் ஒரு நீண்ட வால் இருக்கும். வரவு செலவு ஒரு சிறு கணக்குப் புத்தகத்தில் ஏறும். எழுதுவது பண்ணைக் கணக்குப்பிள்ளை. குடியானவனுக்கு எழுத்துத் தெரியாது. மோசமான அறுவடைக்குப் பின் வாங்கிய விதைக்கடன் அடுத்த ஆண்டுப் பக்கத்துக்கு நகரும், அங்கிருந்து அதற்கடுத்த ஆண்டுக்கு.

ஒப்பந்தம் குடும்பத்தோடுதான், தனி ஆளோடு அல்ல. இத்தனை காணி நிலத்துக்கு உழைக்கும் கைகள் இத்தனை, தின்னும் வாய்கள் இத்தனை என்று பண்ணையார் கணக்குப் போடுவார். மகன் கல்யாணம் செய்துகொள்ளக்கூட அவர் சம்மதம் தேவைப்பட்ட பண்ணைகள் உண்டு. குழந்தைகள் அதிகமானால் சின்ன நிலத்துக்கு இந்தக் குடும்பம் பெரிது. பெண்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டால் பெரிய நிலத்துக்கு இந்தக் குடும்பம் சிறிது. இரண்டுக்குமே பதில் ஒன்றுதான். மார்ட்டின் நாளில் வண்டி கட்டு.

லொம்பார்டியின் பெரிய பண்ணைகளில் வாரக் குத்தகைகூடக் கிடையாது, ஆண்டுச் சம்பளத்துக்கு ஆட்கள். நாற்புறமும் கட்டடங்கள் சூழ்ந்த பெரிய முற்றம், சுற்றிலும் தொழுவங்களும் வரிசை வீடுகளும். ஒரே முற்றத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள்கூட இருக்கும். மார்ட்டின் நாளன்று அதில் இரண்டு மூன்று வீடுகள் கைமாறும். வந்திறங்கும் குடும்பத்தை மற்றவர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். யார் இவர்கள், ஏன் முந்தைய பண்ணையில் நிற்கவில்லை என்று பார்வையிலேயே கேள்வி இருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு முதல் வேலை அடுப்பு மூட்டுவது. முந்தைய குடும்பம் சுள்ளி விட்டுவிட்டுப் போயிருந்தால் அவர்கள் நல்லவர்கள்.

எர்மான்னோ ஓல்மி இயக்கி, 1978-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'மரக்கட்டைச் செருப்பு மரம்' என்ற மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த முற்றம் பழக்கமானது. பெர்காமோ பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கும் கதை. தொழில்முறை நடிகர்கள் யாரும் இல்லை, அந்த வட்டாரத்து உழவர்களே நடித்தார்கள், அவர்கள் வழக்கிலேயே பேசினார்கள். பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் நடந்துபோகும் பையனின் மரச்செருப்பு உடைந்துவிடுகிறது. அப்பா இரவில் வாய்க்கால் கரையில் ஒரு மரத்தை வெட்டிச் செருப்பு செதுக்குகிறார். மரம் பண்ணையாருடையது. விஷயம் தெரிந்ததும் குடும்பம் வண்டி ஏறுகிறது. அது ஆண்டு முடிவுக் கணக்கு அல்ல, தண்டனை. ஆனால் வண்டியில் ஏறுகிற சாமான்கள் மார்ட்டின் நாளில் ஏறும் அதே சாமான்கள். மற்ற குடும்பங்கள் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கின்றன, ஜெபிக்கின்றன. யாரும் வெளியே வந்து கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வண்டி அவர்களுடையது.

இந்த வாழ்க்கை எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 1859 ஜூன் 24. ஆஸ்திரியாவுக்கு எதிரான சோல்ஃபெரீனோ போர். பியெமாந்தே வீரர்கள் பிடிக்க வேண்டிய குன்றின் பெயர் சான் மார்ட்டினோ. நாம் சான் மார்ட்டினோவைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் நம்மைச் சான் மார்ட்டினோ பண்ண வைத்துவிடுவார்கள் என்று மன்னர் இரண்டாம் வித்தோரியோ இமானுவேலே படையினரிடம் சொன்னதாகச் சொல்வார்கள். வீரர்களில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள், விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. (அந்தப் போரில் கேட்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்துத்தான் ஹென்றி துனான் மனம் கலங்கினார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு விதை விழுந்தது அங்கே.)

1950-களிலும் 60-களிலும் உழவர்கள் மிலான், துரின் ஆலைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பலருக்கு அதுவே கடைசி மூட்டை. 1964-ல் புதிய மெட்சாத்ரியா ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டது. 1982-ல் வந்த 203-ஆம் எண் சட்டம் விவசாயக் குத்தகைக்குப் பொதுவாகக் குறைந்தது 15 ஆண்டு என்று விதித்தது. ஒரே ஆண்டில் வண்டி ஏற்றும் வழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி. ஆனால் அதே சட்டத்தின் 39-வது பிரிவைப் பாருங்கள். விவசாய ஆண்டு நவம்பர் 11-ல் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறது. பண்ணையார்கள் போய்விட்டார்கள், தேதி போகவில்லை.

லாந்தர் வந்த கதை

ஜெர்மனியிலும் முன்பு மார்ட்டின் நாள் வரி கட்டும் நாள், வேலையாட்கள் எஜமானரை மாற்றிக்கொள்ளும் நாள். ஆனால் அங்கே இன்று யாரைக் கேட்டாலும் அதைச் சொல்ல மாட்டார்கள். லாந்தர், குதிரை, பாட்டு என்றுதான் சொல்வார்கள்.

ரைன் நதிக்கரைப் பகுதியில் அந்த நாளில் ஏழைப் பிள்ளைகள் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்து, வீடு வீடாகப் பாடிப் பண்டம் கேட்கும் பழக்கம் முன்பே உண்டு. கூச்சலும் கலாட்டாவும் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டுசல்டோர்ஃப் போன்ற நகரங்களின் வசதியுள்ள குடிமக்களும் பள்ளி ஆசிரியர்களும் இதை ஒழுங்குபடுத்தினார்கள். வரிசையாக நடக்க வேண்டும், முன்னால் புனிதர் வேடமிட்டவர் குதிரையில், கூடவே வாத்தியக் குழு. இன்று நாம் காணும் ஊர்வலம் அப்படி உருவானதுதான். வீடு வீடாகப் பாடிக் கேட்பதும் அழிந்துவிடவில்லை. டுசல்டோர்ஃப் பக்கம் அதற்கு 'கிரிப்ஷன்' என்று பெயர்.

சீர்திருத்த சபையினருக்குப் புனிதர் வழிபாடு ஆகாது. ஆனாலும் அவர்கள் இந்த விழாவிலிருந்து விலகவில்லை. மார்ட்டின் லூதர் பிறந்தது 1483 நவம்பர் 10, திருமுழுக்கு மறுநாள். அதனால்தான் அவருக்கே அந்தப் பெயர். எர்ஃபுர்ட் நகரில் நவம்பர் 10 மாலை கத்தோலிக்கர்களும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்தே லாந்தர் ஏந்துகிறார்கள்.

லாந்தர் செய்கிற வேலை அக்டோபர் கடைசியிலேயே கிண்டர்கார்டன்களில் தொடங்கிவிடும். வட்டமான பாலாடைக்கட்டி டப்பாவின் அடிப்பாகமும் மூடியும் எடுத்துக்கொள்வார்கள். இடையில் வண்ணக் கண்ணாடிக் காகிதத்தைக் குழாய்போலச் சுற்றி ஒட்டுவார்கள். அதில் குழந்தை ஒட்டிய நிலா, நட்சத்திரம், முள்ளெலி. மேல் விளிம்பில் இரண்டு துளை, ஒரு கம்பி வளையம், அதை மாட்ட ஒரு குச்சி. முன்பெல்லாம் உள்ளே மெழுகுவர்த்தி. காற்றடித்தால் லாந்தரே எரிந்துபோகும், ஒவ்வொரு ஊர்வலத்திலும் ஒரு அழுகைச் சத்தம் கேட்கும். இப்போது குச்சியின் நுனியில் பேட்டரி பல்பு தொங்குகிறது. பசை காயும் வரை அப்பா அம்மாக்களும் அந்தக் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். மொழி தெரியாதவருக்கும் கத்தரிக்கோல் தெரியும் என்பதால், ஊருக்குப் புதிதாக வந்த அம்மாவும் பல காலம் இருக்கும் அம்மாவும் பேசிக்கொள்ள இதைவிடத் தோதான சாக்கு கிடைக்காது.

நவம்பர் நடுவில் அங்கே ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். தெருவிளக்கு மங்கல், தரையில் ஈரச்சருகு. தன்னார்வத் தீயணைப்புப் படையினர் முன்னும் பின்னும் போகிறார்கள். சிவப்பு அங்கி அணிந்தவர் குதிரையில் வருகிறார். பள்ளி மைதானத்தில் மரக்கட்டைகளை அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். தீயின் வெளிச்சத்தில் பிச்சைக்காரர் வேடமிட்டவர் கந்தலோடு தரையில் உட்கார, குதிரைக்காரர் வாளை உருவி அங்கியை வெட்டிக் கொடுக்கிறார். பிறகு ஆளுக்கொரு மனித உருவ ரொட்டி. திராட்சைக் கண், கையில் ஒரு களிமண் புகைக்குழல். ரைன்லாந்தில் அதன் பெயர் வெக்மான். பாதியை உடைத்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். உடைப்பார்கள், தலையைத் தாங்கள் வைத்துக்கொண்டு காலைக் கொடுப்பார்கள்.

அழகான விழா. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. நாடகம் அங்கியோடு முடிந்துவிடுகிறது. மார்ட்டின் அன்றிரவு தூங்கினார், கனவு கண்டார் என்று செவேருஸ் எழுதிவைத்திருக்கிறார். அங்கி வாங்கிய மனிதர் அன்றிரவு எங்கே படுத்தார் என்று அவரும் எழுதவில்லை, பதினாறு நூற்றாண்டுகளில் வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அதே நாளில் குடும்பங்களைத் தெருவில் நிறுத்துவது கொஞ்சம் கடினமாக இருந்திருக்கும்.

நம்மவர்கள் வந்து இறங்கியபோது

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். பலர் வந்த வழி விசித்திரமானது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கு பெர்லினுக்குப் போய்விடுவார்கள். 1985-ல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. வந்தவர்களை முகாம்களில் வைத்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. பெருமளவினர் கடைசியில் நிலைகொண்டது நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், அதாவது மார்ட்டின் ஊர்வலம் மிக மும்முரமாக நடக்கும் அதே மாநிலத்தில்.

வேரூன்றியதற்கு அடையாளங்கள் கண்முன் இருக்கின்றன. ஹம் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியில் கோபுரத்தோடு எழுந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் குடமுழுக்கு நடந்தது. டச்சு எல்லை அருகே உள்ள கேவலார் மாதா திருத்தலத்துக்கு ஆகஸ்ட் மாதத்தில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கூடுகிறார்கள், இந்துக்களும் சேர்த்து. மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்தில் மதம் பார்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் என்றுமே குறைவுதானே.

இப்போது போவது வேறு தலைமுறை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மென்பொருள், இயந்திரப் பொறியியல் வேலைகளுக்கு விசாவோடு போகிறவர்கள். முகாம் இல்லை, ஆனால் வீடு கிடைப்பது இவர்களுக்கும் லேசில்லை. முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம் என்கிறது சட்டம், அதை மூன்று தவணையில் கட்டும் உரிமையையும் தருகிறது. இந்த உரிமை தெரியாமல் மொத்தமாகக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் மற்ற காகிதங்கள் நகராது. கதவைத் திறந்து உள்ளே போனால் இன்னொரு ஆச்சரியம். பல வீடுகளில் சமையலறை வெறும் அறை. மேடை, அலமாரி, தொட்டி எல்லாவற்றையும் முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கையும் விட்டுவைப்பதில்லை, கூரையிலிருந்து ஒயர் மட்டும் தொங்கும். கொப்பரையும் மரத்தொட்டியும் வண்டியில் ஏற்றிய பழக்கம் வேறு உருவில் தொடர்கிறது போலும்.

புது வீட்டுக்கு முதலில் உப்பு கொண்டுபோவது நம் வழக்கம். ஜெர்மானியர்களும் புதுக்குடி வந்தவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுப்பார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். அங்கே படுக்கையறைகளிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். பால் காய்ச்சுவதில் சிக்கலில்லை, பொங்கி அடுப்பில் வழிந்தாலும் சமாளிக்கலாம். சாம்பிராணி போட்டால் கட்டடமே வாசலுக்கு வந்து நிற்கும்.

பெயர் மாற்றச் சண்டை

2013-ல் ஒரு சர்ச்சை கிளம்பியது. நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில இடதுசாரிக் கட்சித் தலைவர், பிற மதக் குழந்தைகளையும் மனதில் வைத்து, கிண்டர்கார்டன்களில் இந்த விழாவைச் 'சூரியன், நிலா, நட்சத்திர விழா' என்று கொண்டாடலாம் என்றார். நாடே பொங்கியது. முஸ்லிம்களுக்காக நம் பண்டிகையை விட்டுக்கொடுப்பதா என்று வலதுசாரிகள் கொதித்தார்கள். யாருக்காக இந்தச் சண்டை நடந்ததோ அவர்கள் தரப்பில் ஜெர்மனி முஸ்லிம்களின் மத்தியக் குழுத் தலைவரே, மார்ட்டின் வாழ்க்கை முஸ்லிம்களுக்கும் முன்மாதிரிதான், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் நவம்பரில் இந்தச் சர்ச்சை யாராவது ஒருவரால் தூசு தட்டப்படுகிறது.

என் கட்சி தெளிவானது. பெயரை மாற்ற வேண்டியதில்லை. அகதியாக வந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு, தேசம் விட்டுத் தேசம் அலைந்த ஒரு படைவீரன் முகம் தெரியாதவனோடு அங்கியைப் பங்கிட்ட கதையைவிடப் பொருத்தமான கதை எது? நிலாவும் நட்சத்திரமும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. கூடுதலாக ஒரு காட்சி சேர்க்கலாம் என்று வேண்டுமானால் சொல்வேன். அங்கியோடு அந்த மனிதரை ஒரு வீட்டுக்குள் அழைத்துப்போகும் காட்சி.

இந்த நவம்பரில் அந்தப் பக்கம் புதிதாகக் குடியேறியிருக்கும் வாசகர்களுக்குச் சில செய்திகள். ஊர்வலம் 11-ஆம் தேதிதான் நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். குதிரையும் வாத்தியக் குழுவும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கிடைக்காது என்பதால், அந்த நாளை ஒட்டிய பல மாலைகளில் பிரித்து நடத்துகிறார்கள். பள்ளி, கிண்டர்கார்டன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். வெக்மானுக்குச் சில இடங்களில் முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டும். வீட்டில் மிட்டாய் வாங்கி வையுங்கள், அழைப்பு மணி அடித்துப் பிள்ளைகள் பாடினால் கதவைத் திறந்து கேட்டுவிட்டுக் கொடுங்கள். எதிர்வீட்டில் யாராவது புதிதாக வந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கெட் கிடையாது, மதம் கேட்க மாட்டார்கள். லாந்தருக்கு மேலே போட ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வாரத்தில் அங்கே மாலையில் மழை வருவது சகஜம்.